முடி மறுக்கப்பட்ட பிள்ளை

அய்யா துணை



கொல்லம் ஆண்டு 984, ஆங்கில ஆண்டு 1809. தென்திருவிதாங்கூரில் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே சாஸ்தான்கோயில்விளை என்ற சிற்றூரில், பனையையும் நிலத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. தந்தை பொன்னுமாடன், தாய் வெயிலாள் அம்மை. பெற்றோர் பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றவர்கள் காரியம், அதில் அடுத்தவருக்கு என்ன வேலை என்று இன்று கேட்போம். அன்று அப்படிக் கேட்க முடியாது. தலையில் ஒரு முண்டாசு கட்டவே அனுமதி இல்லாத குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடி சூடும் பெயரா என்று மேல்சாதியார் கொதித்தார்கள். அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்று தடை வந்தது. பெற்றவர்கள் பணிந்தார்கள். பிள்ளைக்கு முத்துக்குட்டி என்ற பெயர் ஆயிற்று.

அய்யாவின் சரித்திரத்தை ஏடு வாசிப்பில் கேட்டு வளர்ந்த நம்மில் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கடல், தவம், சிறை என்று பெரிய காரியங்களுக்கு மனம் ஓடிவிடுகிறது. ஆனால் இந்தப் பெயர் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பால் குடிக்கும் பருவத்திலேயே அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து ஒன்றைப் பறித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துச் சட்டங்களை இளம் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வரக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. ஓட்டு வீடு கட்டக் கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி, பனை ஏறும் ஏணிக்கும் வரி. இதெல்லாம் போக ஊழியம் என்று ஒன்று இருந்தது. கோயிலுக்கும் அதிகாரிகளுக்கும் ஓலையும் விறகும் சுமந்து கொடுக்க வேண்டும். கூலி கிடையாது. மறுத்தால் அடி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருந்த மரியாதை மனிதருக்கு இல்லை.

நம் சங்கரன்கோவில் பக்கம் அன்று கும்பினியார் ஆட்சி. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால்தான் திருவிதாங்கூர். அங்கே இருந்த சட்டம் எல்லாம் இங்கே எழுத்தில் இல்லை. ஆனாலும் கோயில் வாசல் விஷயத்தில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் கிடையாது. 1939-ல் சட்டம் வரும் வரை நம் சீமையிலும் பல கோயில்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் வெளியே நின்றுதான் கும்பிட்டார்கள். ஆகவே இது எங்கோ தெற்கே நடந்த கதை என்று நாம் தள்ளி வைக்க முடியாது.

முத்துக்குட்டி வளர்ந்தார். பனை ஏறினார், வயல் வேலை செய்தார். வீட்டில் திருமாலுக்கு ஒரு பீடம் வைத்து வணங்கினார். சுற்றிலும் மாடன், காடன், பேய் என்று பயந்து ஆடும் கோழியும் பலி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த இளைஞரின் மனம் வேறு திசையில் தேடியது. படைத்தவன் ஒருவன் என்றால் ஒரு பிள்ளைக்கு முடி, இன்னொரு பிள்ளைக்குச் சுமை என்று எப்படி ஆகும்? பசியில்லாத தெய்வத்துக்குப் பலி எதற்கு? பிற்காலத்தில் அவர் செய்தவை எல்லாம் இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சொன்ன விடையாகவே இருக்கின்றன. ஊர் பயந்ததற்கெல்லாம் தானும் பயப்படாமல், ஏன் என்று பார்க்கும் மனம் அது.

புவியூரைச் சேர்ந்த திருமாலம்மை அவருக்கு மனைவியாக வந்தார். வாழ்க்கை கஷ்டத்தோடு ஓடியது. இருபது வயதைத் தாண்டிய சில காலத்தில் கடுமையான நோய் வந்தது. உடம்பெல்லாம் புண். உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில் படுக்கை. கைவைத்தியம் பார்த்தார்கள், குணமில்லை. அப்போது வெயிலாள் அம்மைக்குக் கனவில் திருமால் தோன்றி, மாசித் திருவிழாவுக்கு மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டுவரச் சொன்னதாக அகிலத்திரட்டு கூறுகிறது.

தொட்டில் கட்டி அவரைச் சுமந்துகொண்டு உறவினர்கள் நடந்தார்கள். இன்று சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் திருச்செந்தூர். அன்று மணலிலும் தேரியிலும் கால் புதைய நடந்த வழி. வழியில் எல்லாரும் கட்டுச்சோறு உண்ண இறக்கி வைத்தபோது, எழுந்து நிற்க முடியாதவர் எழுந்தார். யாரும் பிடிக்கும் முன்பே விரைந்து நடந்தார். செந்தூர்க் கடலுக்குள் இறங்கினார். அலை மூடிக்கொண்டது.

உறவினர்கள் தேடினார்கள், அழுதார்கள். ஒருநாள் போயிற்று. கடலில் போனவன் திரும்ப மாட்டான் என்று சொல்லிப் பலரும் ஊருக்குத் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையில் இருந்தாள். இதைப் படிக்கும் தாய்மார்கள் அந்த அம்மையை நினைத்துப் பார்க்க வேண்டும். கனவை நம்பிக் கொண்டுவந்த பிள்ளை கண் முன்னே கடலில் போய்விட்டான். ஊருக்குப் போனால் என்ன பதில் சொல்வாள்? அவள் போகவில்லை. மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20, ஆங்கில ஆண்டு 1833 மார்ச் மாதம், கடலுக்குள்ளிருந்து அவர் வெளியே வந்தார். முத்துக்குட்டியாகப் போனவர் வைகுண்டராக வந்தார் என்பது நம் நம்பிக்கை. மகனே என்று ஓடி வந்த தாயிடம், இனி உன் மகன் என்ற உறவு இல்லை, நான் நாராயணர் மகன் என்று அறிவித்தார். தன்னைப் பண்டாரம் என்றார். பிறகு கடற்கரை வழியாகத் தெட்சணம் நோக்கி நடந்தார். இன்று நாம் சுவாமிதோப்பு என்று சொல்லும் பூவண்டன்தோப்புக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் உடனே ஊரைக் கூட்டி உபதேசம் செய்யவில்லை. தவம் இருந்தார். முதல் 2 ஆண்டு ஆறடிக் குழியில் நின்று தவம், அடுத்த 2 ஆண்டு தரையில் இருந்து தவம், கடைசி 2 ஆண்டு உயர்ந்த பீடத்தில் இருந்து தவம். மொத்தம் 6 ஆண்டுகள். முதல் தவம் கலி அழியவும் தர்மயுகம் பிறக்கவும், இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் என்று சொல்வார்கள். குழி, தரை, பீடம் என்ற இந்த வரிசையைப் பாருங்கள். பூமிக்குக் கீழே அழுத்தப்பட்ட மக்களுக்காகப் பூமிக்குக் கீழேயே இறங்கி நின்று அவர் ஆரம்பித்தார்.

சங்கரன்கோவில்காரர்களுக்குத் தவம் புதிய சொல் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஆடித்தபசுக்கு ஊரே திரளும். அரியும் அரனும் ஒன்றாக நிற்பதைக் காண கோமதி அம்மாள் புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்ற கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அரி பெரிதா அரன் பெரிதா என்ற சண்டை தீரத் தபசு. மனிதரில் இவன் பெரியவன் அவன் சிறியவன் என்ற சண்டை தீர அய்யா இருந்தது இன்னொரு தவம். இரண்டிலும் நிற்கிறவர் கேட்பது ஒன்றே: பிரித்து வைத்ததைச் சேர்த்துக் காண வேண்டும்.

விசைத்தறி ஓட்டம் நின்றுவிட்டது, மழை இல்லை, பிச்சிப்பூவுக்கு விலை இல்லை, பையன் பரீட்சையில் தவறிவிட்டான், பெண்ணுக்கு வரன் தள்ளிப் போகிறது என்று நிழல் தாங்கலில் வந்து சுவரில் சாய்ந்து உட்காருகிறவர்கள் உண்டு. ஆறு மாதமாகக் கும்பிடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அய்யா குழியில் நின்றது மட்டும் 2 ஆண்டு. அப்போது ஊரார் எல்லாரும் வந்து கும்பிட்டார்கள் என்றும் இல்லை. பைத்தியம் என்றார்கள். சொந்தச் சனத்திலேயே சிரித்தவர்கள் இருந்தார்கள்.

மெல்ல மெல்ல மக்கள் வந்தார்கள். தண்ணீரும் மண்ணும் மருந்தாகக் கொடுத்தார். காணிக்கை வாங்கவில்லை. ஆடு, கோழி, சாராயம் படைக்க வேண்டாம் என்றார். பேய்க்குப் பயந்து கடன் வாங்கிக் கொடை நடத்திய மக்கள் அதை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு கேடும் வரவில்லை. பயம் தெளிந்தது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே சோறு உண்டார்கள். அந்த முத்திரிக் கிணறு இன்றும் சுவாமிதோப்பில் இருக்கிறது. தண்ணீர்க் குடத்துக்குக்கூடத் தீட்டு பார்த்த நாட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசுக்குப் புகார் போயிற்று. அப்போது சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சி. படை வந்து அய்யாவைப் பிடித்தது. அடித்து, கட்டி, சுசீந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறை. உடன் வந்த சான்றோர் மக்கள் கொதித்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். அய்யா கையை உயர்த்தித் தடுத்தார். பொறுமையாக இருக்கும்படி கட்டளையிட்டார்.

சிறையில் பட்ட பாடுகளை அகிலத்திரட்டு விரிவாகச் சொல்கிறது. பாலில் விஷம் கலந்து கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். மிளகாய் வற்றலைக் குவித்துத் தீ மூட்டிய அறையில் அடைத்தார்கள். பட்டினி போட்ட புலியின் முன் விட்டார்கள். புலி தலையைத் தாழ்த்தியது. ஒரு பாடு முடிந்தால் அடுத்தது. நூற்றுப் பத்து நாளளவு இப்படிப் போயிற்று.

இந்தச் சிறை வாசத்தில் புலி அடங்கியதைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். பிள்ளைகளுக்கும் அந்தக் கதைதான் பிடிக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சோதனை கடைசியில் வந்தது. விடுதலை செய்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்கள். தன் சாதியாரோடு மட்டும் நின்றுகொள்ள வேண்டும், மற்றச் சாதிகளை ஒன்று சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். பல நாள் அடியும் புகையும் பட்ட உடம்பு. வெளியே மக்கள் காத்திருக்கிறார்கள். ஒரு கையெழுத்து போட்டால் வீட்டுக்குப் போகலாம். சொந்தச் சனத்துக்கு நல்லது செய்ய அந்த நிபந்தனை தடையும் இல்லை. நம்மில் எத்தனை பேர் சரி என்று சொல்லியிருக்க மாட்டோம்? அய்யா மறுத்துவிட்டார். கடைசியில் நிபந்தனை இல்லாமலேதான் விட வேண்டி வந்தது. கொல்லம் 1014, மாசி மாதம், ஆங்கில ஆண்டு 1839. மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து தெட்சணம் சேர்த்தார்கள்.

சிறையிலிருந்து வந்தவர் பட்ட பாட்டுக்குப் பழி வாங்கப் புறப்படவில்லை. மக்களைச் சீர்படுத்தும் வேலையைத் தொடங்கினார். அதுதான் துவையல் தவசு. சுமார் 700 குடும்பங்களைக் கடலோரத்து வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். தினம் மூன்று வேளை குளிக்க வேண்டும், உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் கடல் நீரில் வேகவைத்து ஒரு வேளை உணவு. இறைச்சி, மீன் கிடையாது. அடித்து அழுக்காக்கி வைக்கப்பட்ட ஒரு சனத்தை உடம்பாலும் மனதாலும் வெளுத்து எடுக்கும் ஏற்பாடு இது.

அந்த ஏற்பாடு அங்கே நிலைக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. கடற்கரைக் குடிசைகளில் நெருக்கமாக இருந்த மக்களுக்கு நோய் வந்தது. சிலர் இறந்தார்கள். வாகைப்பதியை விட்டு மக்கள் கலைய வேண்டியதாயிற்று. புலி முன்னே தலை நிமிர்ந்து நின்றவருக்கு இதைவிடத் துயரம் வேறு என்ன இருக்கும்? அடித்தவன் கையால் வந்த துன்பம் அல்ல இது. நம்பி வந்த மக்களுக்கு வந்த துன்பம். கேலி பேசியவர்களுக்கு நல்ல வாய்ப்பு. பண்டாரத்தை நம்பிப் போனவர்கள் கதியைப் பாருங்கள் என்று ஊர் பேசியிருக்கும்.

அய்யா துவையலைக் கைவிடவில்லை. இடத்தை மாற்றினார். கன்னியாகுமரிக்கு அருகே முட்டப்பதியில் மறுபடி துவையல் நடந்தது. மறுபடியும் மக்கள் வந்தார்கள் என்பதுதான் வியப்பு. ஒருமுறை நோயில் அடிபட்டவர்கள், உறவைப் பறிகொடுத்தவர்கள், அதே விரதத்துக்கு மீண்டும் வந்தார்கள். அய்யாவின் சரித்திரத்தில் அற்புதம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கடலிலிருந்து எழுந்ததை அடுத்து இதைச் சொல்லலாம். துவைத்துக் கரையேறிய அந்தத் துவையல்காரர்கள்தான் பிறகு ஊர் ஊராக அய்யாவழியைக் கொண்டுபோனார்கள். சுத்தம், குளியல், வெள்ளைத் துணி, ஒன்றாக உண்ணும் வழக்கம் எல்லாம் அவர்கள் காலோடு நடந்து வந்தவை.

இனி அந்தப் பெயர் விஷயத்துக்கு வருவோம். அய்யா தம்மை நாடி வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். அரசனும் மேல்சாதியும் மட்டும் தலையில் துணி கட்டிய நாடு அது. அங்கே பனையேறியும் கூலியாளும் தலைப்பாகையோடு இறைவன் முன் நின்றார்கள். பொதுவாக நம் நாட்டில் சாமி முன் தலைத்துண்டை அவிழ்ப்பதுதான் மரியாதை. அய்யா அதைத் திருப்பிப் போட்டார். முடிசூடும் பெருமாள் என்ற பெயரை ஒரு பிள்ளையிடமிருந்து பறித்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, தனக்கென்று முடி கேட்காமல், வந்தவர் எல்லாருடைய தலையிலும் முடி கட்டிவிட்டார்.

பள்ளியறையில் சிலை வைக்கவில்லை. நிலைக்கண்ணாடியும் விளக்கும் வைத்தார். கும்பிடப் போகிறவர் தலைப்பாகை கட்டிய தன் உருவத்தையே பார்க்கிறார். எவனைத் தீண்டத்தகாதவன் என்று ஊர் சொன்னதோ அவன் இருக்கும் இடத்திலேயே இறைவனைத் தேடச் சொல்லும் ஏற்பாடு இது. கண்ணாடியைப் பார்த்து முகம் திருத்திக்கொண்டு நகர்ந்துவிடாமல், ஒரு நிமிஷம் அதிகமாக நிற்கலாம்.

அய்யா ஊர் ஊராகச் சென்றார். அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம், செட்டிக்குடியிருப்பு முதலிய ஊர்களில் நிழல் தாங்கல்கள் எழுந்தன. வழிபாடு மட்டுமல்ல, எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகள் எழுத்துக் கற்ற இடமாகவும் பல தாங்கல்கள் இருந்தன. பாண்டவர் பெயரில் ஐந்து சீடர்கள் அமைந்தார்கள். அவர்களில் சகாதேவச் சீடரான தாமரைக்குளம் அரிகோபாலர் கொல்லம் 1016 கார்த்திகை 27 அன்று அகிலத்திரட்டு அம்மானையை எழுதத் தொடங்கினார். கல்வியை மறுத்து வைத்திருந்த சனத்திலிருந்து பதினைந்தாயிரம் அடிக்கு மேற்பட்ட ஒரு நூல் ஏட்டில் ஏறியது. அச்சில் வர 1939 வரை ஆயிற்று. அதுவரை நூறு ஆண்டு அளவுக்கு ஏட்டிலும், ஏடு வாசித்தவர் நாவிலும், கேட்டவர் காதிலும் அது வாழ்ந்தது. அந்தக் காலத்து லண்டன் மிஷன் பாதிரிமார்களும் தங்கள் அறிக்கைகளில் முத்துக்குட்டியின் கூட்டத்தைத் தங்கள் வேலைக்குத் தடையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். பாராட்டி எழுதியதல்ல என்றாலும், அய்யாவின் செல்வாக்கு அன்று எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

கொல்லம் 1026 வைகாசி 21, ஆங்கில ஆண்டு 1851 ஜூன் 2, திங்கட்கிழமை. அய்யா வைகுண்டம் ஏகினார். இந்தப் பூமியில் அவர் இருந்தது 42 ஆண்டுகள். அவற்றில் தவமும் சிறையும் நோயும் போக மீதி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மனம் நடுங்கும்.

அவர் காலத்தில் அந்தச் சட்டங்கள் மாறவில்லை. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கத் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது 1859-ல், அய்யா போய் 8 ஆண்டு கழித்து. கோயில் வாசல் எல்லாருக்கும் திறந்தது 1936-ல். அதுவரை பொறுக்காமல் அவர் ஏற்படுத்திய பதிகளிலும் தாங்கல்களிலும் மக்கள் ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள்.

மாசி 19 அன்று திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வாகன ஊர்வலங்கள் புறப்பட்டு நாகர்கோவில் வந்து சேரும். ஒன்று கடலிலிருந்து வந்த வழி, இன்னொன்று சிறையிலிருந்து வந்த வழி. மறுநாள் காலை அங்கிருந்து சுவாமிதோப்புக்கு நடை. நம் பகுதி அன்பர்களும் முதல்நாளே கிளம்பிவிடுவது வழக்கம். காவி உடுத்து, நெற்றியில் நாமம் இட்டு, தாத்தாவும் பேரனும் சேர்ந்து நடக்கிற கூட்டம் அது. சின்னப் பிள்ளைகளுக்குத் தலைப்பாகை அடிக்கடி அவிழ்ந்துவிடும். பெரியவர்கள் நடையை நிறுத்தி, துண்டை உதறி, மறுபடி கட்டிவிட்டு நடக்கிறார்கள்.

அய்யா உண்டு.